அந்தியேட்டி மலர்களும் ஊர் வரலாறும்

யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பங்களில் ஒருவர் இறந்த 31ஆம் நாள் அந்தியேட்டி நடக்கும். கிரியைகள் முடிந்து, வந்தவர்கள் சாப்பிட்டுப் புறப்படும்போது ஆளுக்கொரு சிறு புத்தகத்தைக் கையில் கொடுப்பார்கள். கல்வெட்டு என்று பெரியவர்கள் சொல்வார்கள். நினைவு மலர் என்ற பெயர்தான் இன்று அதிகம் வழங்குகிறது. அட்டையில் இறந்தவரின் படம். தோற்றம், மறைவு என்று இரண்டு தேதிகள். உள்ளே பிள்ளையார் காப்பு, தேவாரம், திருவாசகம், ஊர்க் கோயில்மீது பாடிய பதிகம் அல்லது ஊஞ்சல். அதன்பின் திதி வெண்பா. இறந்த ஆண்டு, மாதம், பட்சம், திதி எல்லாவற்றையும் புலவர் ஒரே வெண்பாவுக்குள் அடக்கிவிடுவார்; ஆண்டுத் திவசத்துக்கு நாள் பார்க்கப் பிள்ளைகளுக்கு அது போதும். பழைய கல்வெட்டுகளில் ஊர்ச் சிறப்பு, குலமரபு, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல் என்று செய்யுள் நீண்டுகொண்டே போகும். பிற்கால மலர்களில் அந்த இடத்தை உரைநடை வாழ்க்கைச் சுருக்கமும் அனுதாபச் செய்திகளும் பிடித்துக்கொண்டன. பின்பக்கங்களில் வம்சாவளி. அதற்கும் பின்னால் நன்றி நவிலல்.

நூலகக் கணக்கில் இது புத்தகத்தோடு சேராது. விலை கிடையாது, விற்பனை கிடையாது, இரண்டாம் பதிப்பு கிடையாது. சில நூறு பிரதிகள் அச்சாகும். வீட்டுக்குப் போனதும் சாமியறைத் தட்டிலோ அலமாரியின் அடியிலோ போய்ச் சேரும். அந்தத் தலைமுறை போனபின் பழைய காகிதத்தோடு கழியும். ஆனால் ஒரே ஊரில் எழுபது எண்பது ஆண்டுகளாக அச்சான மலர்களை ஆண்டு வரிசையில் அடுக்கிப் படித்தால், எந்த அரசாங்க ஆவணக் காப்பகத்திலும் கிடைக்காத ஒரு வரலாறு எழுந்துவரும்.

தொழிலை மட்டும் எடுத்துக்கொள்வோம். முந்திய தலைமுறையின் மலர்களில் மலாயா பென்சனியர்கள் வருகிறார்கள். ஆங்கிலம் படித்து, கோலாலம்பூர்ப் பக்கம் ரயில்வேயிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் வேலை பார்த்து, ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பிக் கல்வீடு கட்டியவர்கள். அவர்களோடு தென்னிலங்கை நகரங்களில் சுருட்டுக்கடை வைத்திருந்தவர்கள். அடுத்த அடுக்கில் கொழும்பில் எழுதுவினைஞர்கள், ஆசிரியர்கள், அஞ்சல் அதிபர்கள். 1956இன் சிங்களம் மட்டும் சட்டத்துக்குப் பின் அரசாங்க உத்தியோகம் மெல்லக் கைநழுவுவது அடுத்தடுத்த மலர்களில் தெரிகிறது. 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு வம்சாவளியில் பிள்ளைகளின் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் நாடுகள் வரத் தொடங்குகின்றன: கனடா, பிரான்ஸ், நோர்வே, சுவிஸ். மலர் அச்சான இடமும் நகர்கிறது. யாழ்ப்பாணத்து அச்சகத்தின் பெயர் இருந்த இடத்தில் கொழும்பு வருகிறது, பிறகு ரொறன்ரோவும் லண்டனும். 1990இல் வடக்கின்மீது பொருளாதாரத் தடை வந்தபின் தாள் கிடைப்பதே அரிதான காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்து மலரைக் கையில் எடுத்தாலே காகிதத்தின் தரம் அதைச் சொல்லிவிடும். குடிப்பெயர்வு பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் நாடு, ஆண்டு என்ற அளவில் நின்றுவிடுகின்றன. ஒரு ஊரின் எந்தத் தெருவிலிருந்து யார் முதலில் போனார், அவர் யாரைக் கூப்பிட்டுக்கொண்டார் என்ற சங்கிலியைக் காட்டக்கூடிய எழுத்து ஆதாரம் இந்த வம்சாவளிகளில்தான் இருக்கிறது.

இதைச் சொல்லும்போதே இதன் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். கல்வெட்டு புகழ்பாட எழுதியது. அதில் கெட்டவர் எவரும் இல்லை, கடன்பட்டவர் இல்லை, வழக்கில் தோற்றவர் இல்லை. பெண்ணின் வாழ்க்கை பெரும்பாலும் அவள் யார் மகள், யார் மனைவி, யார் தாய் என்பதோடு முடிந்துவிடும். ஆகவே இதைத் தனியாகப் படிக்க முடியாது. காணி உறுதிகளோடு வைத்துப் படிக்க வேண்டும். 1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமைப்படி சீதனச் சொத்து பெண்ணுக்கே உரியது. அதனால் நொத்தாரிசு எழுதிய சீதன உறுதிகளில் பெண்கள் சொத்துக்காரர்களாகவே நிற்கிறார்கள். காணித்துண்டு ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர், எத்தனை பரப்பு, எத்தனை குழி, கிணற்றில் யாருக்கு எவ்வளவு பங்கு, நான்கு எல்லையிலும் யார் யார் காணி என்று அவை விவரமாகச் சொல்லும். கல்வெட்டில் ஒரு புலம்பல் பாட்டோடு மறைந்துபோகும் பெண், உறுதியில் பனைகளுக்கும் கிணற்றுப் பங்குக்கும் உரிமைக்காரி. இரண்டு காகிதங்களும் ஒரே வீட்டு றங்குப்பெட்டியில்தான் இருந்திருக்கும்.

இப்படிப்பட்ட காகிதங்களை அரசு ஏன் காக்கவில்லை என்று கேட்பதில் பொருளில்லை. அரசு தன் காகிதத்தைக் காத்தது. சென்னை எழும்பூரில் 1909இல் எழுந்த ஆவணக் காப்பகக் கட்டடம் செயின்ட் ஜார்ஜ் கோட்டை அரசாங்கத்தின் கோப்புகளுக்காகக் கட்டியது. கொழும்பிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஒல்லாந்தர் விட்டுப்போன பேரேடுகள் இருக்கின்றன; வரி வசூலிக்க எழுதிய தோம்புகளும் அப்படியே அரசாங்கத் தேவையில் பிறந்தவை. இந்தியாவில் 1867இலும் இலங்கையில் 1885இலும் வந்த அச்சகச் சட்டங்கள் அச்சான புத்தகங்களைப் பதிவுசெய்யச் சொல்லின. அதன் பயனாகப் பல நூல்களின் விவரமாவது மிஞ்சியது. கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ், கோயில் திருவிழாத் துண்டுப் பிரசுரம், சங்கத்து ஆண்டறிக்கை, பள்ளிக்கூட மலர், கல்வெட்டு எல்லாம் அந்த வலையின் கண்ணிக்குள் அகப்படாதவை. எஞ்சியவை வீடுகளில் எஞ்சின. வீட்டில் எஞ்சியது வீடு எரியும்போது எரிந்தது.

நூலகமும் எரிந்தது. 1981 மே 31 இரவு, மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலுக்குச் சில நாட்கள் முன்பு, யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குத் தீ வைத்தார்கள். நகரில் இருந்த பொலிஸாரின் கை அதில் இருந்தது. ஏறத்தாழ 97,000 நூல்கள், ஏடுகள், பழைய பத்திரிகைகள் போயின. அதே வன்முறையில் ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் எரிந்தது. 1930களில் க. மு. செல்லப்பா என்ற தனிமனிதர் தம் வீட்டில் தொடங்கிய சிறு படிப்பகம் வளர்ந்து, சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் வரைந்த மாளிகைக்குள் 1959இல் குடியேறியிருந்தது. எஸ். ஆர். ரங்கநாதன் அதற்கு ஆலோசனை சொன்னவர். ஒரு சமூகம் தன் கையால் சேர்த்த காசில் கட்டிய அறிவுக்கூடம் அது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த இரவு ஈழத்தமிழரின் நெஞ்சில் ஆறாத புண்ணாக இருப்பதற்கு நியாயம் இருக்கிறது.

அந்தத் துயரத்தை மதித்துக்கொண்டே ஒரு திருத்தம் சொல்ல வேண்டியிருக்கிறது. மயில்வாகனப் புலவரின் யாழ்ப்பாண வைபவமாலையின் ஒரே பிரதி அங்கே எரிந்துபோனது என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். ஒல்லாந்தர் காலத்தில் எழுந்த அந்த நூலை 1879இலேயே பிறிற்றோ ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார். தமிழ் மூலத்தைக் குல. சபாநாதன் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பதிப்பித்தார். நூல் இன்றும் நம் கையில் இருக்கிறது. போனது ஏட்டுப் பிரதி. அதுவும் பெரிய இழப்பு: ஏட்டில்தான் பாடபேதம் இருக்கும், எழுதியவர் கை இருக்கும். ஆனாலும் நூல் பிழைத்தது. அது பல இடங்களில் பல பிரதிகளாக இருந்ததுதான் காரணம். ஒரே பிரதியாக இருந்த எத்தனையோ சிறு அச்சுகள் அந்த இரவில் பெயர்கூடத் தெரியாமல் போயிருக்கும். அவற்றுக்காக அழுவதற்கும் நமக்குப் பட்டியல் கிடையாது.

பட்டியல் என்பது காப்பகத்தின் உயிர்நாடி. அட்டவணையும் நூலும் ஒரே கூரைக்கு அடியில் இருந்தால், கூரை விழும் நாளில் எது போனது என்று சொல்லவும் வழி இராது. என். செல்வராஜா லண்டனில் இருந்துகொண்டு 2002 முதல் தொகுதி தொகுதியாக வெளியிட்டுவரும் நூல்தேட்டம் இதனால்தான் எனக்கு ஒரு மாளிகையைவிடப் பெரியதாகத் தெரிகிறது. தொகுதிக்கு ஆயிரம் நூல்கள். ஒவ்வொன்றுக்கும் ஆசிரியர், பதிப்பகம், அச்சகம், ஆண்டு, பக்கம், சிறு குறிப்பு. ஒரு நூல் எங்கும் கிடைக்காமல் போனாலும் அது இருந்தது என்ற செய்தி மிஞ்சும், தேடுகிறவனுக்கு ஒரு பிடி கிடைக்கும். குரும்பசிட்டி இரா. கனகரத்தினம் பல பத்தாண்டுகள் பத்திரிகை நறுக்குகளைத் தலைப்புவாரியாகத் தொகுத்து மைக்ரோபிலிம் எடுத்ததும் அதே கவலையால்தான். பின்னாளில் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய் ஆளில்லாமல் கிடந்த வலிகாமம் வடக்கு ஊர்களில் குரும்பசிட்டியும் ஒன்று. அந்த ஊர்களின் வீட்டுக் காகிதங்களுக்கு என்ன நேர்ந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தால் அவருடைய அவசரம் புரியும்.

தமிழ்நாட்டில் இதே வேலையைச் செய்தவர் செட்டிநாட்டுக் கோட்டையூர் ரோஜா முத்தையா. சென்னையில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்தவர், பழைய புத்தகக் கடைகளில் கிடைத்ததையெல்லாம் வாங்கிச் சேர்த்தார். பெரிய நூலகங்கள் கவனிக்காத பொருள்கள் அவர் கண்ணில் பட்டன. நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், திருமண அழைப்பு, கடிதம், பத்திரிகை நறுக்கு எல்லாம் புத்தகத்துக்குச் சமமாக அவர் வீட்டில் இடம் பெற்றன. ஆய்வாளர்கள் கோட்டையூருக்குத் தேடிப் போனார்கள். 1992இல் அவர் இறந்தபோது தொகுப்பில் ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள் இருந்தன, அவற்றில் பாதியளவு நூல்கள். 1994இல் சிக்காகோ பல்கலைக்கழகம் அதைக் குடும்பத்திடமிருந்து வாங்கி, மொழி அறக்கட்டளையின் துணையோடு சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக நிறுவியது.

தமிழ்ச் சொத்தை அமெரிக்கப் பல்கலைக்கழகம் வாங்குவதா என்று மனம் கசப்பது இயல்பு. என் முடிவு வேறு. மூலம் சென்னையிலேயே தங்கியது, மைக்ரோபிலிம் பிரதி கடல் கடந்தது. மூலம் ஊரில், பிரதி தொலைவில்: பிராந்திய ஆவணங்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. யாழ்ப்பாணத்தில் 1981க்கு முன் அப்படி ஒரு ஏற்பாடு இருந்திருந்தால், தீ கட்டடத்தோடு நின்றிருக்கும். அந்தத் தொகுப்பு திறந்தபின் தமிழாய்வில் வந்த மாற்றமும் கண்கூடு. நாடகம், ஆரம்பகாலத் திரைப்படம், குஜிலிப் பாட்டு, நாவல் வாசிப்பு, விளம்பரம் என்று முன்பு வரலாற்றின் வாசலுக்கே வராத பொருள்கள் முனைவர் பட்டங்களுக்கும் நல்ல நூல்களுக்கும் தலைப்பாயின. எதைச் சேர்த்து வைக்கிறோமோ அதைத்தான் பின்னால் வருகிறவர்கள் கேள்வியாகக் கேட்க முடியும்.

தனிமனிதர் சேகரிப்பின் பலவீனமும் கோட்டையூரிலேயே தெரிந்தது. சேர்த்தவர் போனதும் என்ன ஆகும்? அங்கே ஒரு பல்கலைக்கழகம் வந்தது. எல்லாருக்கும் அது வாய்ப்பதில்லை. புதுக்கோட்டையில் கிருஷ்ணமூர்த்தி, டோரதி தம்பதியர் வளர்த்த ஞானாலயா போன்ற அருமையான நூலகங்களுக்கும் இந்தக் கேள்வி எப்போதும் எதிரே நிற்கிறது.

ஈழத்தில் 2005இல் தன்னார்வலர்கள் சிலர் தொடங்கிய நூலகம் திட்டம் இதற்கு வேறொரு விடை கண்டது. கல்யாணசுந்தரம் முன்னெடுத்த மதுரைத் திட்டம் 1998 முதல் இலக்கியங்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்றிவந்தது. அதிலிருந்து ஊக்கம் பெற்ற தலைமுறை இது. மதுரைத் திட்டம் நூலின் பாடத்தை எடுத்தது. நூலகம் திட்டம் பக்கத்தையே படமாக எடுத்தது. மூலத்தைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வதில்லை. வாங்கி, ஸ்கேன் செய்து, உரியவரிடமே திருப்பிக் கொடுக்கிறார்கள். எரிக்க ஒரு கட்டடம் அதற்கு இல்லை. ஈழகேசரி, மறுமலர்ச்சி, கலைச்செல்வி, டொமினிக் ஜீவாவின் மல்லிகை போன்ற இதழ்களோடு பக்கத்திலேயே ஊர்ச் சனசமூக நிலையத்து மலர், பாடசாலை நூற்றாண்டு மலர், கோயில் கும்பாபிஷேக மலர், அந்தியேட்டி மலர் என்று அடுக்கடுக்காக இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி ஒரு நூலக எண். ஈழத்து இலக்கியத்தின் பெரிய இதழுக்கும் ஒரு சுருட்டுக் கடைக்காரரின் நினைவு மலருக்கும் ஒரே வரிசையில் எண் கொடுத்த அந்தத் தீர்மானத்தை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

இந்தச் சிறு அச்சுகளை எண்ணிமப்படுத்துவதில் புத்தகத்துக்குப் போட்ட விதிகள் எல்லாம் அப்படியே பொருந்துவதில்லை. நூலில் ஒரு பிரதி எடுத்தால் மற்றப் பிரதிகள் மிகை. கல்வெட்டில் அப்படிச் சொல்ல முடியாது. அச்சான வம்சாவளியின் ஓரத்தில் பின்னால் பிறந்த பேரப்பிள்ளைகளின் பெயரைப் பேனாவால் எழுதிச் சேர்க்கும் குடும்பங்கள் உண்டு. விடுபட்ட ஒருவரைச் சேர்ப்பார்கள், பிழையாக அச்சான பெயரைத் திருத்துவார்கள், பின்னட்டை வெள்ளைப் பக்கத்தில் இன்னொரு மரணத்தின் திதியைக் குறித்து வைப்பார்கள். ஆறு வீட்டில் கிடைத்த ஒரே மலரின் ஆறு பிரதிகளும் ஆறு ஆவணங்கள். ஏற்கெனவே இருக்கிறது என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டால் அந்தப் பேனா எழுத்து போய்விடும். எந்த வீட்டிலிருந்து வந்தது, எதனோடு சேர்த்துக் கட்டியிருந்தது, யார் கொடுத்தார் என்பதை அட்டவணையில் எழுதிவைப்பது இதனால் அவசியமாகிறது. பெட்டியைத் திறந்ததும் புத்தகம் தனி, கடிதம் தனி, படம் தனி என்று பிரித்துப் போடுகிற பழக்கம் நல்லெண்ணத்தில் செய்கிற பெரிய சேதம். உறுதியும் கல்வெட்டும் ஒரே பெட்டியில் இருந்தன என்ற செய்தி, இரண்டையும் பிரித்தபின் திரும்பக் கிடைக்காது.

தேடுவதிலும் சிக்கல் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1978இல் வந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய ணை, லை, றா, னா வடிவங்களை எழுத்துணரி மென்பொருள் இன்னும் தடுமாறியே படிக்கிறது. ஈழத்துக் காகிதங்களுக்கு இன்னொரு தடை. ஆங்கில ஒலிகளை ஈழத்தில் எழுதும் முறை வேறு: இங்கே டொராண்டோ என்று தேடுகிறவருக்கு அங்கே ரொறன்ரோ என்று அச்சான மலர் அகப்படாது. பெயர்களிலும் ஊர்களிலும் இப்படி நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஊரறிந்த ஒருவர் உட்கார்ந்து, இரண்டு வடிவத்தையும் கையால் பதிந்தால்தான் இது சரியாகும். நன்கொடை கொடுப்பவர்கள் ஸ்கேனருக்குப் பணம் தருவார்கள். இந்த வேலைக்குக் கேட்டால் தயங்குவார்கள். உண்மையில் பணம் தேவைப்படுவது இங்கேதான்.

அடுத்தது, யாரும் எளிதில் பேசாத ஒன்று. நினைவு மலரின் கடைசிப் பக்கங்களில் உயிரோடிருப்பவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகள், பேரர்கள், அவர்கள் இருக்கும் நாடு, சில வேளை முகவரியும் தொலைபேசி எண்ணும். முப்பது ஆண்டுப் போர் நடந்த மண்ணில் யார் யாருக்கு உறவு, யார் மகன் எங்கே என்ற விவரம் ஒரு காலத்தில் உயிர் சம்பந்தப்பட்டது. படங்களையும் கடிதங்களையும் தாங்களே எரித்தும் புதைத்தும் பிழைத்தவர்கள் அந்த மண்ணில் இருக்கிறார்கள். ஆகவே எல்லாப் பக்கத்தையும் ஸ்கேன் செய்து பாதுகாப்பது ஒரு கடமை. எல்லாப் பக்கத்தையும் இன்றே உலகத்துக்குத் திறந்துவிடுவது அந்தக் கடமையில் அடங்காது. வம்சாவளியின் கடைசித் தலைமுறையை ஐம்பது ஆண்டுக்கு மூடி வைப்பதால் வரலாற்றுக்கு எந்த நட்டமும் இல்லை. குடும்பத்தைக் கேட்டு, எழுத்தில் சம்மதம் வாங்கிச் செய்ய வேண்டும்.

இவ்வளவும் காகிதம் உள்ளவர்களின் கதை. மலர் அச்சிடப் பணம் வேண்டும், புலவர் வேண்டும், வந்தவர்களுக்குக் கொடுக்க ஒரு கூடம் வேண்டும். நெடுங்காலம் கோயிலுக்குள்ளும் பள்ளிக்கூடத்துக்குள்ளும் நுழைய விடாமல் தடுத்து வைத்திருந்த சாதியாருக்கு யார் கல்வெட்டுப் பாடியிருப்பார்கள்? காப்பகத்தில் எத்தனை ஆயிரம் மலர்கள் சேர்ந்தாலும் அந்த மௌனம் குறையாது, இன்னும் அழுத்தமாகும். அதற்கு வேறு வகைக் காகிதத்தைத் தேட வேண்டும். பிரிட்டிஷ் நூலகம் 2004இல் தொடங்கிய அழிவுநிலை ஆவணத் திட்டத்தின் துணையோடு, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் 1870 முதல் 1940 வரையிலான ஊர்ப் பஞ்சாயத்து ஆவணங்களை வீடு வீடாகப் போய்ப் படமெடுத்தது அப்படி ஒரு முயற்சி. சண்டை, மணமுறிவு, சொத்துத் தகராறு, தண்டம் என்று புகழ்மாலையில் இடம்பெறாத வாழ்க்கை தீர்ப்பு ஓலையிலும் முச்சலிக்காவிலும் இருக்கிறது. காகிதமே இல்லாத இடத்தில் குரலைப் பதிவுசெய்ய வேண்டும். நூலகம் திட்டத்தை நடத்தும் நூலகம் நிறுவனம் தன் ஆவணகத்தில் வாய்மொழி வரலாறுகளைச் சேர்க்கத் தொடங்கியது சரியான திசை.

காகிதம் இல்லாமையின் விலையை இலங்கையில் மலையகத் தமிழர்தான் முழுசாகக் கொடுத்தவர்கள். காப்பித் தோட்டத்துக்கும் பிறகு தேயிலைத் தோட்டத்துக்கும் தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் கூட்டிப்போன மக்கள். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், தகப்பன் இலங்கையில் பிறந்ததை, இல்லையென்றால் தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்ததை நிறுவச் சொன்னது. லயத்து அறையில் பிறந்தவனின் பாட்டனுக்குப் பிறப்புச் சான்றிதழ் எங்கே இருக்கும்? 1949இல் வந்த இந்திய பாகிஸ்தானியர் சட்டம் இன்னொரு கணக்குக் கேட்டது: 1946 ஜனவரி 1க்கு முன்னால், மணமாகாதவர் பத்தாண்டும் மணமானவர் ஏழாண்டும் தொடர்ந்து நாட்டில் இருந்ததற்குச் சான்று. தேரோட்டத்துக்கும் குலதெய்வத்துக்கும் ஊருக்குப் போய்த் தங்கிவந்ததே சிலருக்கு எதிராக நின்றது. ஏழு லட்சம் பேருக்கு மேல் நாடற்றவர்களானார்கள். அவர்கள் வேலை செய்த ஒவ்வொரு நாளையும் தோட்டத்துச் செக்ரோல் பதிந்து வைத்திருந்தது. ஆனால் அந்தப் பேரேடு கம்பெனியின் சொத்து. அதில் வாழ்ந்தவர்களின் கையில் அது இல்லை. சமூக ஆவணக் காப்பகம் என்பது ஓய்வுநேரப் பழம்பெருமை என்று நினைப்பவர்களுக்கு இந்த ஒரு செய்தியைக் காட்டினால் போதும்.

1964இல் சிறிமாவோவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது; மீதி 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். அந்தப் பங்கீட்டோடு வீட்டுக் காகிதங்களும் இரண்டாகப் பிரிந்தன. அண்ணன் குடும்பம் நுவரெலியாப் பக்கத்துத் தோட்டத்திலேயே தங்கியது, தம்பி குடும்பம் மண்டபம் முகாமுக்கு வந்து இறங்கிக் குடும்ப அட்டை வாங்கிக்கொண்டு நீலகிரிக்குப் போனது என்பது அங்கே சாதாரணக் கதை. தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை தர 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கின. கோத்தகிரியிலும் கூடலூரிலும் குன்னூரிலும் அந்தக் குடும்பங்களின் வீடுகளில் பழைய கடவுச்சீட்டு, முகாம் அட்டை, தோட்டப் பள்ளிக்கூடச் சான்றிதழ், புறப்படுவதற்கு முன் எல்லாரும் சேர்ந்து எடுத்துக்கொண்ட படம் என்று இன்னும் இருக்கின்றன. இருபது வயதில் வந்தவர்கள் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். இலங்கைப் பக்கத்தில் மலையக ஆவணங்களைத் தேடும் முயற்சிகள் நடக்கின்றன. நீலகிரிப் பக்கத்தையும் சேர்க்காமல் அந்தத் தொகுப்பு முழுமையடையாது.

இரண்டு கரையின் காகிதத்தையும் பொருத்துவதற்குத் தோட்டத்தின் பெயர்தான் கொக்கி. அதிலும் ஒரு சிக்கல். ஒவ்வொரு தோட்டத்துக்கும் துரைமார் வைத்த ஆங்கிலப் பெயர் ஒன்று, லயத்தில் வழங்கும் தமிழ்ப் பெயர் ஒன்று. சான்றிதழில் ஆங்கிலப் பெயர் இருக்கும். பாட்டி சொல்லும் கதையிலும் பாட்டிலும் தமிழ்ப் பெயர் வரும். தோட்டக்காரர்களுக்காக அச்சான ஃபெர்குசன் கையேடு தோட்டங்களின் தமிழ்ப் பெயர்களையும் பட்டியலாகக் கொடுத்தது. அந்தப் பட்டியலை எடுத்து, இரண்டு பெயரையும் நேர்க்கு நேர் வைத்து, பாட்டிமார் சொல்லும் மூன்றாவது பெயரையும் அதில் சேர்த்துத் தயாரிக்கும் அகராதிதான் மலையகக் காப்பகத்துக்கு முதல் தேவை. அதற்கு ஸ்கேனரும் வேண்டாம், கட்டடமும் வேண்டாம். ஹட்டனில் இருவரும் கோத்தகிரியில் இருவரும் உட்கார்ந்தால் அந்த வேலையைத் தொடங்கிவிடலாம்.